மோட்டார் நின்றால் யார் சொல்வது

பேத்தியின் கைப்பேசி ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கத்தும். கத்தியதும் அவள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கணினிக்கு ஓடுவாள். பிள்ளை பெற்றவள் தொட்டிலுக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். கல்யாணமே ஆகாத பெண் ஒரு பெட்டிக்காக ஓடுவதை அந்த வருஷம்தான் பார்த்தேன்.

"என்னடி ஆச்சு?"

"ஒரு சர்வீஸ் நின்னுபோச்சு அம்மாச்சி."

"எங்க நின்னுச்சு?"

"சிங்கப்பூர்ல."

"சிங்கப்பூர்ல நின்னதுக்கு நீ ஏண்டி சோத்தை விட்டுட்டு ஓடுற? அங்க பக்கத்துல ஒரு ஆளு இருக்க மாட்டானா?"

பக்கத்தில் ஆளே கிடையாதாம். பூட்டின அறைக்குள் வரிசையாகக் கம்ப்யூட்டர் பெட்டிகள் மட்டும் குளிர்ச்சியில் இருக்குமாம். மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டின காலனி வீட்டில், என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவள் அவற்றை மேய்க்கிறாள். என் மகள் வயிற்றுப் பெண். சென்னை வீட்டில் ஆள் நெருக்கம், இங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று வந்தவள். சிக்னல் ஏன் கிடைக்காது? நாங்கள் கதிர் அடித்த களத்தில்தானே டவரை நட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அப்போது சிங்கப்பூர் கவலை இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எனக்கு மூணு மா நிலம், ஒரு ஏக்கர் வரும். இரண்டாம் போகமாகத் தாளடி நெல் போட்டிருந்தேன். கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற சமயம். மேட்டூர் அணையைச் சாத்திவிட்டார்கள், வாய்க்காலில் ஆடு நடந்து போகிறது. இருப்பது போர்வெல் தண்ணீரும் ஒரு பழைய மோட்டாரும்தான். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நெல். விட்டுவிட்டால் மூணு மாவும் பதர், மாட்டுக்கு வைக்கோல். வருஷச் சாப்பாடு அந்த ஈரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாய்க்கால் படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. பத்துப் போட்டுக் காலை நீட்டி உட்கார வைத்துவிட்டார்கள். வயலுக்குப் போக மூங்கில் பாலம் தாண்ட வேண்டும். அந்தப் பாலம் நல்ல காலையே நம்பாது.

"நீ நடக்க வேணாம். நான் ஒண்ணு மாட்டிவிடுறேன்" என்றாள் பேத்தி.

மன்னார்குடியில் போய் ஒரு டப்பா வாங்கி வந்தாள். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பக்கத்தில் மாட்டினாள். உள்ளே ஒரு சிம் கார்டு. நான் வீட்டிலிருந்தே அதற்குப் போன் போட்டு ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், ரெண்டை அமுக்கினால் நிற்கும். தானாக நின்றால் அது எனக்குப் போன் போடும். ஒரு பெண் குரல், ரொம்பப் படித்த குரல், "தங்கள் மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது" என்று சொல்லும். என் வாழ்நாளில் என்னைத் 'தங்கள்' என்று சொன்ன முதல் ஆள் அந்த டப்பாதான். முதல் தடவை கேட்டபோது பின்னால் யாராவது தாசில்தார் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

"உன் பெட்டியிலயும் இப்படி ஒரு பொம்பளை உக்காந்துருக்காளா?" என்று கேட்டேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கும் பொழுது போகவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"பெட்டிக்குள்ள மொதல்ல கண்ணு முழிக்கிற புரோகிராம் ஒண்ணு இருக்கு அம்மாச்சி. அதுக்கு நம்பரே ஒண்ணுதான். அது எழுந்து மத்த எல்லாத்தையும் எழுப்பிவிடும். எது எப்ப நின்னாலும் தகவல் அதுக்குத்தான் போகும்."

"மாமியாருன்னு சொல்லு."

"சரி, மாமியாருதான். ஒண்ணு நின்னுச்சுன்னா சும்மா நிக்காது. ஒரு நம்பரை விட்டுட்டுப் போகும். சைபர் விட்டுட்டுப் போனா, வேலை முடிஞ்சு நல்லபடியா நின்னுருக்குன்னு அர்த்தம். வேற எந்த நம்பரா இருந்தாலும் கோளாறு."

"சைபரு நல்லதா?"

"ஆமா."

"இது அப்பவே எங்க வாத்தியாருக்குத் தெரியாம போச்சே. சைபர் வாங்குனதுக்குத்தான் பெஞ்சு மேல ஏத்துனாரு. நான் நல்லபடியா முடிஞ்சுதுன்னு மூணாவதோட நின்னுட்டேன்."

அவள் சிரித்ததில் வெங்காயம் கண்ணில் பட்டுவிட்டது. துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள். ஒன்றை நிறுத்த வேண்டுமென்றால் நம்பர் ஒன் முதலில் மரியாதையாகப் போகச் சொல்லுமாம். ஒன்றரை நிமிஷம் பொறுக்குமாம். அப்புறமும் கிளம்பாவிட்டால் ஒரே வெட்டு. எது தானாக நின்றது, எது சொல்லி நின்றது, எது வெட்டுப்பட்டது என்று தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுமாம். கோளாறில் விழுந்ததைத் திரும்பவும் எழுப்பிவிடுமாம். எழுப்ப எழுப்ப விழுந்துகொண்டே இருந்தால், இது தேறாது என்று கையை விட்டுவிட்டு இவளுக்குப் போன் அடிக்குமாம்.

"செத்துப்போனது தகவல் அனுப்பியும், அதை எழுப்பிவிட்ட தாய் புரோகிராம் அந்தத் தகவலை வாங்கிக்கலைன்னு வையி, அந்தப் பேரு லிஸ்டுல அப்படியே நின்னுகிட்டிருக்கும்."

"உங்க தாத்தா பேரு ரேஷன் கார்டுல நிக்குதே, அந்த மாதிரி."

"அதே மாதிரிதான். ஆனா சாப்பிடாது, எடத்தை மட்டும் அடைச்சுக்கும்."

"உங்க தாத்தாவும் இப்ப சாப்பிடுறதில்லடி."

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "எல்லாம் சரி. நின்னுட்டு, 'ஓடிக்கிட்டுதான் இருக்கேன்'னு ஒண்ணு பொய் சொன்னா உங்க மாமியா என்ன பண்ணுவா?"

"பெட்டி பொய் சொல்லாது அம்மாச்சி" என்றாள்.

பெட்டியைப் பற்றி எனக்குத் தெரியாது. பொய்யைப் பற்றித் தெரியும். அவள் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது, நாங்கள் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டே ஓடினவர்கள்.

அப்போது இந்த மூணு மா எங்களுடையது இல்லை. இதைச் சுற்றி இருந்த ஒரு வேலி நிலமும், அதாவது இருபது மாவும், பெரிய வீட்டுக்குச் சொந்தம். நாங்கள் பண்ணையாட்கள். ஊர் முழுக்கச் செங்கொடி ஒரு பக்கம், கறுப்பு சிவப்பு ஒரு பக்கம். ஆட்சிக்கு வந்தவர்கள் இனி நிலம் உழுகிறவனுக்கு என்று மைக்கில் சொன்னார்கள். மைக் சத்தம் பண்ணை வரைக்கும் வந்துசேர நாளாயிற்று. எங்களுக்கு, அதாவது நடவுப் பெண்களுக்கு, அன்றைக்கு நிலம்கூட இரண்டாம் பேச்சு. வரப்போரப் புங்கமரத்தில் ஆறு ஏணை தொங்கும். ஆறு பிள்ளைகள். மத்தியானத்தில் ஒரு முறை ஏறிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று கேட்டோம். முடியாது என்றார் பெரிய வீட்டுப் பண்ணை. ஒருத்தி ஏறினால் பன்னிரண்டு பேரும் ஏறுவீர்கள் என்றார். ஆளை எடை போடத் தெரிந்தவர்தான், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பண்ணைக்கு முட்டிவலி. வயலுக்கு வர மாட்டார். மாடி அறையில் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். மேற்பார்வைக்கு இருந்த காரியக்காரருக்குச் சைக்கிளில் நாலு இடத்து நடவைச் சுற்ற வேண்டும், அவர் ஒரு தரம் வந்தால் மறுபடி வர ஒரு பொழுது ஆகும். அதனால் பண்ணை எங்களைக் காதாலேயே பார்த்துக்கொண்டார். நடவுப் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது. பாட்டு நின்றால் வேலை நின்றது, உடனே ஆள் வரும்.

ஆக, நிற்கக் கூடாதது பாட்டுதான் என்று எங்களுக்குப் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறினதும் ஒருத்தி பாட்டை எடுப்பாள். பாடிக்கொண்டே ஏறி வரப்பில் உட்காருவோம். பிள்ளைக்காரிகள் மடியில் போட்டுக்கொண்டு பால் கொடுத்தபடியே பின்பாட்டு. பிள்ளை இல்லாதவர்கள் காலை நீட்டிக்கொண்டு பின்பாட்டு. கை நின்றது, வாய் நிற்கவில்லை. சத்தம் குறையக் கூடாது என்று கிழவிகளும் கத்தினார்கள். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்த பிறகு நானே கட்டிப் பாடினேன். மாடியிலே படுத்திருக்கும் மகராசா, உன் முட்டிக்கு எந்த எண்ணெய், என் பிள்ளைக்கு எந்தப் பாலு என்று போகும். அவ்வளவு தூரத்துக்கு ராகம்தான் போய்ச் சேரும், சொல் போகாது என்ற தைரியம். காரியக்காரர் குடை ரோட்டில் தெரிந்ததும் இறங்கிவிடுவோம்.

அந்த நடவு முழுக்க ஆறு பிள்ளைகளும் வயிறு நிறையக் குடித்தன. நட்டு முடிவதற்கு இரண்டு நாள் கூடப் பிடித்தது. மண் இறுக்கம் என்று காரியக்காரர் சொன்னாராம். மண் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்புறம் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. சங்கிலி போட்டு அளந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் பேருக்கு மூணு மா பட்டா வந்தது. பெரிய வீட்டில் கேஸ் போட்டார்கள். வாய்தா, வாய்தா என்று நடந்து, பண்ணையும் போய்ச் சேர்ந்தார், கேஸும் தீர்ந்தது. இப்போது அந்த வீட்டில் பாதி இடிந்து கிடக்கிறது. மீதிப் பாதியில் பண்ணையின் மருமகள் மட்டும் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வயசுதான். அவர் பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் மாடி ஜன்னலுக்கு நேரே என் வயல். இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. சண்டையும் இல்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் அவர் வாழைத்தாரைப் பார்ப்பார், நான் கத்தரிக்காயைப் பார்ப்பேன்.

சரி, கணுக்காலுக்கு வருகிறேன்.

டப்பா மாட்டின பிறகு நான் ராணி மாதிரி இருந்தேன். மும்முனைக் கரண்ட் வரும் நேரம் தெரியும். ஒன்றை அமுக்குவேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மோட்டார் சத்தம் காற்றில் லேசாக வரும். அது வரும்வரைக்கும் நிம்மதி. கரண்ட் போனால் அந்தப் படித்த பெண் 'தங்கள்' என்று சொல்லுவாள். ஒரு வாரம் அப்படி நடந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "வயப்பக்கம் போவலையா ஆத்தா?" என்று கேட்டபோது, "வயலே எனக்குப் போன் பண்ணுதுடி" என்று பெருமை அடித்தேன்.

ரெண்டாவது வாரம் திங்கட்கிழமை மட்டும் மனசு என்னமோ அரித்தது. பேத்தியை அனுப்பினேன்.

"போயி மோட்டாரை ஒரு பார்வை பாத்துட்டு வா."

போனாள், வந்தாள். "ஓடுது அம்மாச்சி. கொட்டகையில பச்சை லைட்டு எரியுது. சத்தம் நல்லா வருது. போட்டோகூட எடுத்தேன், பாரு."

போட்டோவில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. நானும் திருப்தியாகப் பார்த்தேன். தண்ணீர் விழுகிற குழாய் வாயையும் போட்டோ எடுத்தாளா என்று கேட்கத் தோன்றவில்லை. கொட்டகை வாய்க்கால் ஓரம். தண்ணீர் மண்ணுக்குள் குழாயில் போய்க் கோடியில் மேட்டு வரப்பில்தான் விழும். அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த எனக்குக் கால் இல்லை, கால் இல்லாதவளுக்கு அன்றைக்குப் புத்தியும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம். மோர்சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மோட்டார் சத்தம் வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஒரு குடை வந்தது. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரிய வீட்டு டீச்சர். அந்தத் தெருக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வருவதென்றால் ஓட்டுக் கேட்கத்தான் வருவார்கள். அப்போது தேர்தலும் இல்லை.

என் வீட்டுப் படல் முன்னால் நின்றார். மூங்கில் பாலம் தாண்டி வந்ததில் மூச்சு வாங்கியது.

"உங்க குழாயில தண்ணி விழல" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இத்தனை வருஷம் கழித்துப் பேச வந்த முதல் வார்த்தையா இது.

"மோட்டார் ஓடுதே டீச்சரம்மா. சத்தம் கேக்குதுல்ல?"

"சத்தம் எனக்கும்தான் கேக்குது. மூணு நாளா கொக்கு வரல."

"என்ன வரல?"

"கொக்கு. தண்ணி விழுந்தா குழாய் வாயில நாலஞ்சு கொக்கு நிக்கும். மாடியிலேருந்து தினம் பாக்குறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் நின்னுச்சு. அப்புறம் ஒண்ணுகூட இல்ல. நேத்து வரைக்கும் நீங்க வந்து பாப்பீங்கன்னு இருந்தேன். இன்னைக்கு மேட்டுப் பக்கம் கதிரோட நிறம் வேற மாதிரி தெரியுது."

மூணு நாள். பால் பிடிக்கிற கதிர், மாசி வெயில் தொடங்கப்போகிற நேரம், எங்கள் களிமண் ஒரு நாள் காய்ந்தாலே வாயைப் பிளந்துவிடும். பேத்தி கணினியை விட்டு எழுந்து வந்தாள்.

"நான் பாத்தேனே அம்மாச்சி. ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு."

"ஓடிக்கிட்டுதாண்டி இருக்கு" என்றேன். "கம்பை எடு."

அவள் தோளில் ஒரு கை, கம்பில் ஒரு கை. டீச்சர் முன்னால் குடையோடு. பாலத்தை எப்படித் தாண்டினேன் என்று எனக்கு நினைவில்லை. டீச்சர் ஒரு முறை திரும்பி, "பாத்து, அந்த மூங்கில் ஆடுது" என்றது மட்டும் நினைவில் இருக்கிறது.

கொட்டகைக்குள் மோட்டார் பாடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் அழகாக இருந்தது. பம்பு மேல் கையை வைத்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. உறிஞ்சுகிற குழாயில் மூட்டுக்குப் பக்கத்தில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. அது வழியாகக் காற்றை இழுத்திருக்கிறது. காற்றை இழுத்தால் தண்ணீர் ஏறாது. மோட்டாருக்கு என்ன, தண்ணீர் வந்தாலும் சுற்றும், வராவிட்டாலும் சுற்றும். டப்பாவுக்குக் கரண்ட் ஓடுகிறதா என்றுதான் தெரியும், தண்ணீரைப் பற்றி அதை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

"நிறுத்துடி மொதல்ல."

பேத்தி நிறுத்தினாள். உடனே என் மடியில் போன் அடித்தது. எடுத்தேன். "தங்கள் மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது" என்றாள் அந்தப் படித்தவள்.

"வந்துட்டா சொல்றதுக்கு" என்றேன். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் தெரிந்தது, சிரிக்கிறார்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். கரண்ட் ஆறு மணி வரைக்கும்தான். அதற்குள் தண்ணீர் ஏறாவிட்டால் அடுத்த கரண்டுக்குள் நாலாவது நாளும் வந்துவிடும். மேட்டு வரப்புக்குப் போய்ப் பார்த்தேன். மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஒரு கதிரை எடுத்து நசுக்கினேன். பால் வந்தது. கெட்டியாக, கொஞ்சமாக வந்தது, ஆனால் வந்தது. பள்ளத்துப் பக்கம் இன்னும் ஈரம் இருந்தது. மேட்டில் ஒரு துண்டுதான் வெளுத்திருந்தது. அதை டீச்சர் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

நாலு மணிக்கு மெக்கானிக் வண்டியில் வந்து, வெடிப்பை அடைத்து, பம்பில் கருகிப்போன வாஷரை மாற்றினார். பேத்தி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் சாணியைக் கரைத்துக் கொடுத்தேன். பம்பின் வாயைத் திறந்து கரைசலையும் தண்ணீரையும் நிரம்ப ஊற்றி மூடினால்தான் காற்று போய்ப் பம்பு தண்ணீரைப் பிடிக்கும்.

"சாணியா?" என்றாள் பேத்தி. கையைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"உன் சிங்கப்பூர்க்காரங்களுக்கு இது தெரியாதுல்ல? எழுதிக்க."

மெக்கானிக் மோட்டாரைப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் இந்த முறை கொட்டகையில் நிற்கவில்லை. கோடியில் குழாய் வாய்க்குப் போய் நின்றோம். முதலில் குழாய் இருமியது. பிறகு காற்று. பிறகு சாணி நிறத்தில் ஒரு கொப்பளிப்பு. அப்புறம் குழாய் நிறையத் தண்ணீர். வெடிப்புகளுக்குள் அது இறங்குகிற சத்தம், தாகம் எடுத்தவன் தொண்டையில் இறங்குகிற மாதிரியே கேட்டது. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கால் வலி அப்போதுதான் தெரிந்தது.

டீச்சரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அதே வரப்பு. புங்கமரம் போய்விட்டது, வரப்பு அதேதான்.

"இங்கதானே உக்காருவீங்க" என்றார்.

"எப்ப?"

"நடவப்ப. நான் கல்யாணமாகி வந்த புதுசு. மாடியில எங்க மாமனாரு கண்ணை மூடிக்கிட்டு ஜன்னலோரம் படுத்துருப்பாரு. நான் பின்னால நிப்பேன். பன்னெண்டு பேரு வரப்புல உக்காந்துகிட்டு, காலை நீட்டிக்கிட்டு, தொண்டை கிழியப் பாடுவீங்க."

நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்ப்பது மாதிரி காதை இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

"பாத்தீங்களா?"

"தெனமும்."

"உங்க மாமனாருகிட்ட சொல்லலையா?"

"அவரு என்னைக் கேக்கலையே. காது போதும்னு இருந்தாரு."

"அவரு கேக்கலன்னா நீங்களா சொல்லியிருக்கலாமே."

டீச்சர் குடையை மடக்கினார். "பாட்டு ஓடுற வரைக்கும் அவரு தூங்குவாரு. பாட்டு நின்னா எழுந்துடுவாரு. எழுந்தா காலைப் பிடிச்சுவிடணும், காப்பி போடணும், வெத்தலை மடிக்கணும். நீங்க வரப்புல உக்காந்த அந்த ஒரு மணி நேரந்தான் நானும் உக்காருவேன். பி.எட். பரீட்சைக்கு அந்த ஜன்னல்லதான் படிச்சேன்."

நான் திரும்பி அந்த மாடி ஜன்னலைப் பார்த்தேன்.

"முட்டிவலிப் பாட்டு ஒண்ணு பாடுவீங்க" என்றார். "வார்த்தை வராதுன்னு நெனச்சுட்டு. மேக்காத்து அடிச்சா நல்லாவே வரும். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால தப்பிச்சீங்க. நான் வாயில முந்தானைய வச்சுக்கிட்டு நிப்பேன்."

"அம்மாச்சி, என்ன பாட்டு?" என்றாள் பேத்தி.

"அது உனக்கு வேணாம். நீ பெட்டி பொய் சொல்லாதுன்னு சொன்ன ஆளு."

அவளுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டே இருந்தாள். என்னடி என்றேன். நம்பர் ஒன் 'ஓடுது' என்று சொன்னால் இனிமேல் அதை மட்டும் நம்பப் போவதில்லையாம். ஒவ்வொன்றையும் அப்பப்போ கூப்பிட்டு, ஒரு சின்ன வேலை கொடுத்து, செய்து காட்டச் சொல்லப் போகிறாளாம். காட்டாவிட்டால் நின்றதாகவே கணக்கு.

"கொக்கு வருதான்னு பாக்கப் போற" என்றேன்.

"ஆமா அம்மாச்சி. அதுக்குக் கொக்குன்னே பேரு வச்சுட்டேன்."

மேட்டுத் துண்டில் மூன்று பாத்தி பதராகப் போனது. மற்றதெல்லாம் நெல். அறுவடை அன்று மெஷின் அந்தத் துண்டைத் தாண்டும்போது டிரைவர், "இங்க மட்டும் ஏன் ஆத்தா இப்படி?" என்று கேட்டார். "அங்கதான் நான் ராணியா இருந்தேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

டப்பாவை நான் கழற்றவில்லை. 'தங்கள்' என்று சொல்ல ஒரு ஆள் இருப்பது கெட்டது இல்லை. ஆனால் தண்ணீர் பாய்ந்த மீதி நாட்களில், மோட்டாரைப் போட்ட கொஞ்ச நேரத்தில் நான் டீச்சருக்குப் போன் போடுவேன். அன்றைக்கு வரப்பிலேயே நம்பர் வாங்கிக்கொண்டேன். அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை. கூப்பிடாமல் இருந்தால் எல்லாம் சரி என்று இருந்துதானே மூணு நாள் போனது.

"கொக்கு இருக்கா டீச்சரம்மா?"

"நாலு இருக்கு. ஒண்ணு ஒத்தைக் கால்ல நிக்குது, உங்கள மாதிரி."

"வைக்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அறுவடை முடிந்து மோட்டாரை நிறுத்தியாகிவிட்டது. குழாயில் தண்ணீர் விழ வேண்டிய தேவையே இல்லை. மறுநாள் அந்த நேரம் வந்ததும் கை போனை எடுத்துவிட்டது. எடுத்த பிறகு வைக்க ஒரு மாதிரி இருந்தது, போட்டுவிட்டேன்.

"கொக்கு இருக்கா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் போல.

"கொக்கு இல்ல. நான்தான் இருக்கேன்."

"சரி, அது தெரிஞ்சா போதும்" என்று வைத்தேன்.